எண்ணெய் கம்பெனி ஷேர்ல பைபேக் பெட்டரா, டிவிடெண்ட் பெட்டரா?

மெதுவா_போவோம்:
ரொம்ப நாளா மண்டைய குடையுது, கேட்டுடறேன். ரெண்டு பெரிய எண்ணெய் கம்பெனி ஷேர் மூணு வருஷமா வெச்சிருக்கேன், ஒண்ணு டிவிடெண்டை, அதாவது லாபத்துல ஷேர்காரங்களுக்கு குடுக்குற பங்கை, வருஷா வருஷம் கொஞ்சமாச்சும் ஏத்துது, இன்னொண்ணு பேருக்கு ஏதோ ஏத்திட்டு மிச்ச காசையெல்லாம் பைபேக்ல, அதாவது தன் ஷேரையே மார்க்கெட்ல திருப்பி வாங்குறதுல, கொட்டுது. டிவிடெண்ட்னா அக்கவுண்ட்ல விழுது, கண்ணால பாக்குறோம். பைபேக் அறிவிச்ச அன்னிக்கு விலை லேசா ஏறுது, அடுத்த வாரம் கச்சா எண்ணெய் சறுக்குனா ஏறுனதும் போச்சு, அப்போ என் கைக்கு என்னதான் வந்துச்சு? இது நெஜமாவே நமக்கு குடுக்குறதா, இல்ல மேல உக்காந்திருக்கவங்க போனஸுக்காக இபிஎஸ்ஸை (ஒரு ஷேருக்கு வர்ற லாபம்) தூக்கிக் காட்டுற வேலையா?

பேரல்_பார்ட்டி:
ப்ரோ, வர்றது வருது, உங்களுக்கு தெரியாம வருது அவ்ளோதான். 100 ஷேர் இருக்குற கம்பெனி டிவிடெண்டுக்கு 500 ஒதுக்குதுனா ஷேருக்கு 5. அந்த 100ல 10 ஷேரை வாங்கி ரத்து பண்ணிட்டா அதே 500ஐ 90 ஆல வகுக்கணும், 5.55 ஆச்சா, கம்பெனி ஒரு பைசா கூட அதிகமா எடுத்து வெக்கல. ஷெல்லை பாருங்க, 2021 கடைசில சுமார் 770 கோடி ஷேர், 2024 கடைசில சுமார் 610 கோடி. டிவிடெண்ட் 2020ல குவார்ட்டருக்கு (மூணு மாசத்துக்கு) 16 சென்ட், 2024 நாலாவது குவார்ட்டர்ல 35.8. இந்த ஏத்தம் முழுசும் பைபேக்கால வந்ததில்ல, ஆனா ஷேர் குறைஞ்சதால ஏத்துறது அவங்களுக்கு சுலபமாச்சு. வரியும் இருக்கு, டிவிடெண்ட்னா பல நாட்டுல வந்த வருஷமே வரி, பைபேக்ல நீங்க விக்காம இருந்தா பொதுவா அப்போதைக்கு வரி இல்ல. உங்க ஊர் ரூல் என்னன்னு மட்டும் பாத்துக்கோங்க.

பழைய_கணக்கு:
மேல நண்பர் போட்ட கணக்கு சரிதான், ஆனா என்ன விலைக்கு வாங்குறான்னு அதுல எங்கயும் இல்லியே. எண்ணெய் தொழில்ல கேட்க வேண்டிய மொத கேள்வியே அதுதான். கச்சா எண்ணெய் உச்சத்துல இருக்கும்போதுதான் கம்பெனி கையில காசு புரளும், அப்போதான் ஷேர் விலையும் உச்சத்துல இருக்கும், அப்போதான் பைபேக்கும் நடக்கும். 2008 ஜூலைல பேரல் 147 டாலர் தொட்டுச்சு, அந்த வருஷம் எக்ஸான் பைபேக்குக்கு மட்டும் 3,500 கோடி டாலர் பக்கம் செலவு பண்ணுச்சு. 2020 அக்டோபர்ல அதே ஷேர் 33 டாலருக்கு கீழ கிடந்துச்சு, வாங்க வேண்டிய நேரம் அதுதானே, ஆனா கையில காசு எங்க, அந்த வருஷம் 2,240 கோடி டாலர் நஷ்டம், பைபேக் பேச்சே இல்ல. செவ்ரானும் அப்படித்தான், 2023 ஜனவரில 7,500 கோடி டாலர் பைபேக்னு அறிவிச்சப்போ ஷேர் 180 டாலர் பக்கம், வருஷக் கடைசில 150 பக்கம். நம்மள மாதிரி ஆளுங்க உச்சத்துல வாங்கி மாட்டிக்கிட்டா சிரிக்கிறாங்க, அவங்க பண்ணா அதுக்கு பேரு முதலீட்டாளருக்கு திருப்பிக் குடுக்குறதாம்.

சும்மா_பாக்குறேன்:
அப்போ டிவிடெண்ட் மட்டும் என்ன சத்தியமா? 2020 ஏப்ரல்ல ஷெல் 47 சென்ட்ல இருந்து 16 ஆக்குச்சு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மொத தடவை. பிபி 10.5ல இருந்து 5.25. ஆக்சிடென்டல் 79 சென்ட்ல இருந்து 11, அப்புறம் அதையும் 1 சென்ட் ஆக்குனாங்க. எக்ஸான் வெட்டல, ஆனா அந்த வருஷம் கடன் ஏறிட்டே போச்சு, கடனை வாங்கி டிவிடெண்ட் குடுத்து பேரை காப்பாத்துனதுதான் அது, எண்ணெய் விலை திரும்பி வந்ததால தப்பிச்சாங்க.

டிவிடெண்டை வெட்டுனா மார்க்கெட் மன்னிக்காது, பைபேக்கை சத்தமில்லாம சுருக்கிக்கலாம், கம்பெனிங்க பைபேக்கை விரும்புறதுக்கு பாதி காரணம் இதுதான். 2025 பிப்ரவரில பிபி ஒரு குவார்ட்டருக்கு 175 கோடி டாலரா இருந்த பைபேக்கை 75 முதல் 100 கோடிக்குள்ள கொண்டு வந்துச்சு, டிவிடெண்ட்ல கை வெக்கல. பைபேக் அவங்களுக்கு ஒரு குஷன்னு வெச்சுக்கோங்க. டெவான்ங்கிற எண்ணெய் கம்பெனி டிவிடெண்டை வேற மாதிரி பண்ணுச்சு, நிலையா ஒரு தொகை, அதுக்கு மேல லாபத்தை பாத்து ஒரு தொகைனு 2021ல ஆரம்பிச்சாங்க, 2022ல ஒரு குவார்ட்டருக்கு ரெண்டும் சேர்ந்து 1.55 டாலர், ஈல்டை (ஷேர் விலைக்கு டிவிடெண்ட் எத்தனை பர்சன்ட்னு) பாத்து ஓடிப்போய் வாங்குனவங்க அடுத்த வருஷம் 50 சென்ட் பக்கம் வந்ததும் திட்டுனாங்க. ஆனா அந்த முறை நேர்மையானதுனுதான் நான் சொல்லுவேன், எண்ணெய் இறங்குனா காசும் இறங்கும்னு மொதல்லயே சொல்லிட்டாங்கல்ல.

மெதுவா_போவோம்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உக்காந்து பைபேக் பண்ற கம்பெனியோட ஆண்டறிக்கைல ஷேர் எண்ணிக்கை வரிய மட்டும் மூணு வருஷத்துக்கு எடுத்து எழுதிப் பாத்தேன். அடப்பாவிகளா, இவ்ளோ செலவு பண்ணியும் ரெண்டு பர்சன்ட் கூட குறையல, நடுவுல ஒரு கம்பெனிய ஷேர் குடுத்து வாங்கிருக்காங்க, ஊழியர்களுக்கு வேற புது ஷேர்.

பேரல்_பார்ட்டி:
ஆமா ப்ரோ, அதை நான் சொல்லிருக்கணும். எக்ஸான் 2024ல பயனியர்ங்கிற எண்ணெய் கம்பெனிய முழுக்க ஷேராவே குடுத்து வாங்குனப்போ எவ்ளோ பைபேக் பண்ணியும் அந்த வருஷம் மொத்த எண்ணிக்கை கூடத்தான் செஞ்சுது. ஆனா கைக்கு வந்த கம்பெனி சம்பாதிக்குதுனா அதை நஷ்டம்னு எழுத முடியாது, அதனால ஷேர் எண்ணிக்கைக்கு பக்கத்துலயே ஷேருக்கு எவ்ளோ கேஷ் ஃப்ளோ, அதாவது தொழில்ல இருந்து கைக்கு வர்ற ரொக்கம்னு இன்னொரு வரியும் எழுதிப் பாருங்க.

மெதுவா_போவோம்:
சரி, அதையும் எழுதிட்டு வந்து போடறேன். அதுவரைக்கும் அந்த ஷேர்ல புதுசா காசு போடல, இருக்குறதை விக்கவும் இல்ல.