ஈரியோபைட்: 'நாற்கால் சிற்றுண்ணி' என்று வைக்கலாமே

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், தென்னை முதலிய செடிகளின் சாற்றை உண்ணும் மிக நுண்ணிய 'ஈரியோபைட்' உயிரிக் கூட்டத்துக்கு 'ஈரியோபைட் சிலந்தி' என்றே இருக்கட்டும், விவசாயிகளுக்குப் பழகிய பேர்தானே என்று எழுதியிருந்தீர்கள். பழகியது உண்மைதான். தென்னையைத் தாக்கும் இனம் 1998 வாக்கில் கேரளத் தென்னைகளில் தெரியவந்து, சீக்கிரமே நம் பக்கத்துத் தோப்புகளுக்கும் வந்தபோது அந்தப் பேரும் கூடவே வந்தது. அதிலுள்ள 'சிலந்தி'தான் எனக்கு உறுத்துகிறது.

தாமிரபரணிப் பாசன நெல்லில் தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்பது சிலந்தி. அதைக் கொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே ஆளிடம் 'தென்னையில் சிலந்திக்கு மருந்து கட்டுங்கள்' என்றால் அவர் எதை நம்புவார்? வெண்டை இலைக்கு அடியில் நூலாம்படை கட்டுகிற செஞ்சிலந்திக்காவது அந்தப் பேர் பொருந்தும். குரும்பையின் காம்படி இதழ்களுக்குள் ஒளிந்திருப்பது நூல் விடுவதே இல்லை.

தம்பி ஒருவர் 'பேன்' என்றார். அது இன்னும் சிக்கல். இலைப்பேன், செடிப்பேன் இரண்டுமே ஆறு கால் பூச்சிகள். விளாத்திகுளம் பக்கம் மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும், முரணை வந்தால் கீழ்நோக்கி வளையும். முதலாவது பூச்சி, இரண்டாவது சிற்றுண்ணி (ஆங்கிலத்தில் மைட்) இனம். இரண்டுக்கும் மருந்து வேறு. பேரை ஒன்றாக்கினால் நஷ்டம் காட்டுக்காரருக்குத்தான்.

ஆகவே பொதுப்பெயர் சிற்றுண்ணி. மாட்டு உண்ணியும் இதே பெரும்பிரிவுதான் என்பதால் உறவும் சரியாக விழுகிறது.

இனி அடைமொழி. 'கொப்புள உண்ணி' அழகான பேர், ஒப்புக்கொள்கிறேன். சாலையோரப் புங்க இலையில் விரல் வைத்தாலே தட்டுப்படுகிற கொப்புளம் இந்த ஈரியோபைட் கூட்டத்தின் வேலைதான். மல்லி இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி மாதிரி படர்வதும் அப்படியே. அறிவியல் பேரின் கிரேக்க வேருக்கும் கம்பளி என்றுதான் பொருள். ஆனால் இந்தக் கூட்டத்தில் எல்லாமே கொப்புளமோ கம்பளியோ உண்டாக்குவதில்லை. எலுமிச்சைத் தோலைத் துருவேறியது போல் ஆக்குகிற இனம் வெளியில் திரிந்தே உண்கிறது. தென்னையில் முதலில் காய்மேல் வெளிறிய முக்கோணத் திட்டு, பிறகு பழுப்பு, வெடிப்பு, சிறுத்த காய். அறிகுறியை வைத்துப் பேர் வைத்தால் பாதி இனங்கள் வெளியே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது கால். மற்ற சிற்றுண்ணிகளுக்குப் பெரும்பாலும் குஞ்சில் ஆறு, வளர்ந்தபின் எட்டு. இவற்றுக்குக் குஞ்சிலிருந்தே நான்குதான், அதுவும் தலைப்பக்கமாக. பின்னால் புழுவைப் போல நீண்ட, வளையம் வளையமான உடல். தென்னையில் இருப்பது கால் மில்லிமீட்டர் அளவுதான். கைலென்ஸில் வெறும் துணுக்காகத் தெரியும். கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நான்கு கால் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். 'நாற்கால்' என்றால் நாற்காலி நினைவு வரும் என்று ஒரு மறுப்பு வந்தது. விலங்கியலில் நாற்கால் விலங்கு என்று எழுதுகிறோமே, யாரும் தடுமாறியதில்லை.

இனம் பிரிப்பது வேறு கதை. முதுகுக் கவசத்தின் கோடுகள், மயிர்கள் நிற்கும் இடம், வளையங்களின் எண்ணிக்கை, பெண்ணின் இனப்பெருக்க மூடியிலுள்ள வரிகள், காலின் நுனியில் இறகு போன்ற நகத்தில் எத்தனை கதிர் என்று எண்ண வேண்டும். சில இனங்களில் பெண்ணுக்கே இரண்டு உருவம் உண்டு. இரண்டையும் தனித்தனி இனமாக எழுதிவிடும் ஆபத்து அதனால்தான். தென்னை இனத்தை 1965இல் சிற்றுண்ணி ஆய்வாளர் கீஃபர் விவரித்தது மெக்சிகோவின் குரேரோ மாநில மாதிரிகளை வைத்து. அதனால்தான் 'அசேரியா குரேரோனிஸ்'. இத்தகைய இனப்பேர்களை ஒலிபெயர்த்தே எழுதுவோம், மொழிபெயர்க்க வேண்டாம். இந்தக் கூட்டம் பிரிக்கப்பட்டுள்ள மூன்று குடும்பங்களின் பேர்களுக்கும் அதுவே போதும்.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்பது என் கருத்து: நாற்கால் சிற்றுண்ணி – எல்லாப் பருவத்திலும் நான்கே கால்களுடைய, செடிச்சாறு உண்ணும், புழுவுடல் சிற்றுண்ணிக் கூட்டம். கால்நுனியிலுள்ள அந்த இறகு போன்ற நகத்துக்கு 'இறகுநகம்' என்று எழுதியிருக்கிறேன், நகத்துக்கு 'உகிர்' என்ற பழஞ்சொல்லை வைத்து 'இறகுகிர்' நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே வைத்துக்கொள்வோம். சொல்லுங்கள்.