செம்பனை ஓட்டுக் கரியில் பிளாட்டினம்: எங்கே கோட்டை விட்டேன்?

சிப்புட்_தம்பி:
முதுகலை ஆய்வுக்காகச் செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நைட்ரஜனில் 800 டிகிரிக்குச் சுட்டேன். ஓடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து மில்லில் கிடைத்தது. அப்பாதான் மோட்டார் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். கரியின் பரப்பு கிராமுக்கு 1,300 சதுர மீட்டர். கடையில் வாங்கும் வல்கன் கரிக்கு 250தான். ஆனால் இரண்டிலும் 20 சதவீதம் பிளாட்டினம் ஏற்றி, எரிபொருள் மின்கலத்தில் நடக்கும் ஆக்சிஜன் ஒடுக்கத்தை (ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்கித் தண்ணீராவதை) பார்த்தால், வல்கன்தான் ஜெயிக்கிறது. ஏன் அண்ணே?

கரிச்சட்டி:
தம்பி, 1,300ஐப் பார்த்து மயங்காதே. நானும் மயங்கி ஒரு வருடம் போக்கியவன். அந்தப் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் இருக்கும். பிளாட்டினத் துகளே 2, 3 நானோமீட்டர். உள்ளே போக வழியில்லாமல் வெளியே குவிந்து கட்டியாகிவிடும். கொஞ்சம் அகலமான துளைக்குள் போனதற்கும் ஆக்சிஜன் லேசில் எட்டாது, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) கடைசி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற மாதிரி.

இரண்டு சந்தேகத்தைப் பிரித்துப் பார்: பிளாட்டினம் மறைந்து கிடக்கிறதா, அல்லது கரி அதன் குணத்தையே மாற்றிவிட்டதா? பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்து ஆக்சிஜனேற்றி நீக்கு, அதற்கு ஆகும் மின்னூட்டத்தை அள. சதுர சென்டிமீட்டர் பிளாட்டினத்துக்கு 420 மைக்ரோகூலோம் என்று கணக்கிட்டால் வேலை செய்யும் பரப்பு தெரியும். ஹைட்ரஜனை ஒட்டவைத்து அளக்கும் முறை (அதில் 420க்குப் பதில் 210) உன் கரிக்குச் சரிப்படாது. கரியின் பரப்பு தானே மின்னூட்டம் சேர்க்கும் மின்தேக்கப் பின்னணியே பெரிதாக ஊதி, அடிக்கோடு போட விடாது. ஆக்சிஜன் ஒடுக்கத்தில் கிடைத்த மின்னோட்டத்தை அந்தப் பரப்பால் வகு. அப்போதும் குறைவாக இருந்தால் மட்டும் கரியைக் குற்றம் சொல்.

ஓட்டுச்சாம்பல்:
பிளாட்டினம் ஏற்றாத வெறும் கரியை மட்டும் வைத்து ஒரு தடவை சோதித்தீர்களா? ஓட்டில் சிலிக்கா, பொட்டாசியம் எல்லாம் உண்டு. அமிலத்தில் கழுவாமல் விட்டால் அதுவும் கூத்தடிக்கும். அப்புறம், ஆயுளையும் பாருங்கள்: மின்னழுத்தத்தை 1.0 முதல் 1.5 வோல்ட் வரை ஏற்றி இறக்கி 5,000 சுற்று. ஹைட்ரஜன் மின்வாயை வைத்து அளந்தால் 0.207 வோல்ட்டுக்கு மேலே கரி கார்பன் டைஆக்சைடாக மாற வாய்ப்புண்டு. மெதுவாக நடப்பதால்தான் தப்பிக்கிறது. அணு அடுக்கில் குறை நிறைந்த கரி சீக்கிரம் அரிக்கும். சுற்றுக்கு முன்னும் பின்னும் மின்னணு நுண்ணோக்கியில் அதே இடத்தைப் படம் எடுத்தால், துகள் நகர்ந்ததா, உதிர்ந்ததா என்று கண்ணால் பார்க்கலாம்.

சிப்புட்_தம்பி:
பார்த்துவிட்டேன். கிராம் பிளாட்டினத்துக்கு வேலை செய்யும் பரப்பு என் கரியில் 22 சதுர மீட்டர், வல்கனில் 64. மின்னோட்டத்தைப் பரப்பால் வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, பிளாட்டினம் கெடவில்லை, உட்கார இடம்தான் சரியில்லை. அடுத்து துளையை அகலமாக்கப் போகிறேன். இன்னொரு மூட்டை வேண்டுமா என்று அப்பா கேட்கிறார். முதல் மூட்டையே பாதி அப்படியே கிடக்கிறது.