கால்வா ஓரத்துல தடுப்பு வேணுமா, ஸ்பீட கொறச்சா போதுமா?

கொருக்குப்பேட்டை பையன்: பக்கிங்காம் கால்வா ஓரமா போற ரோட்ல தடுப்பு போடச்சொல்லி ஏரியாவுல மனு எழுதறோம். நவம்பர் மழையில பாருங்க, ரோட்டு தண்ணியும் கால்வா தண்ணியும் ஒரே மட்டத்துல நிக்கும், மேல ஆகாயத்தாமரை பச்சையா மூடிக்கினு இருக்கும், நைட்ல ஹெட்லைட் அடிச்சா புல்லுத்தரை மாதிரியே தெரியும், புதுசா வர்றவனுக்கு எங்க ரோடு முடியுதுன்னே தெரியாது.

எண்ணூர் டிரைவர்: ஹார்பருக்கு ட்ரெய்லர் ஓட்றவன் சொல்றேன் தம்பி, லோடோட வர்ற கன்டெய்னர் வண்டிய எந்த செவுரும் நிறுத்தாது. தூக்கமும் ஸ்பீடும்தான் காரணம், அத கேளுங்க. செவுரு கட்டுனா ரோட்டு தண்ணி கால்வாயில எறங்காம உங்க வீட்டுக்குள்ளதான் வரும்.

கொருக்குப்பேட்டை பையன்: செவுரு யாருண்ணே கேட்டா? ஹைவேல போடுவாங்களே இரும்புத் தகடு, அதான். கீழ சந்து இருக்கு, தண்ணி பாட்டுக்கு போவும். ட்ரெய்லர நிறுத்தாதுதான், ஆனா காரும் ஆட்டோவும் நிக்கும்ல? அந்தக் காலத்துல படகு விட வெட்டுன கால்வாண்ணே இது, அது ஓரத்துல நாம வண்டி ஓட்றோம், ஒருத்தன் கண்ணசந்தா அவனுக்கு ரெண்டாவது சான்ஸே கெடையாது.

புழல் பாய்: விழுந்தாலும் பதறக்கூடாது. உள்ள தண்ணி ரொம்புற வரைக்கும் வெயிட் பண்ணா கதவு தானா தொறக்கும், நீச்சல் தெரிஞ்சா தப்பிச்சிடலாம்.

மணலி அக்கா: தயவுசெஞ்சு இத பரப்பாதீங்க பாய், உயிர் போயிடும். வண்டி மொதல்ல ஒரு நிமிஷம் போல மிதக்கும், அதுக்குள்ள பெல்ட்ட கழட்டி சைடு கண்ணாடிய எறக்கி புள்ளைங்கள மொதல்ல வெளிய தள்ளி நீங்களும் வந்துடணும். கதவ தள்ளிக்கினு நேரத்த வீணாக்காதீங்க, வெளிய இருக்கற தண்ணி அழுத்தத்துல அசையாது. கண்ணாடி எறங்கலன்னா சைடு கண்ணாடியோட மூலையில சுத்தியால அடிங்க, முன் கண்ணாடி ஒடையாது, நடுவுல பிளாஸ்டிக் ஷீட்டு இருக்கு. அப்புறம் நீச்சலு, நம்ம கால்வாயில அடியெல்லாம் சேறு, கால ஊணுனா உள்ள இழுக்கும். விழுந்தப்புறம் தப்பிக்கறது அவ்ளோ கஷ்டம், அதனாலதான் தடுப்பு வேணும்ங்கறேன்.

எண்ணூர் டிரைவர்: அக்கா சொல்றது சரிதான். ஆனா அந்த தகட்டுல பைக்காரன் மோதுனா கம்பத்துலயே அடிபட்டு சாவான், அதையும் யோசிங்க. ஓரம் பூரா ரிஃப்ளெக்டர் கல்லு நட்டு லைட்டு போட்டா பாதி பிரச்சனை தீரும், செலவும் கம்மி.

கொருக்குப்பேட்டை பையன்: ரிஃப்ளெக்டரும் மனுவுல சேக்கறேன்ணே, அது ஒடனே நடக்கற வேலை. ஆனா தண்ணி தேங்குனா அந்த கல்லே முழுகிடும், அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க? தடுப்ப மனுவுல இருந்து எடுக்க மாட்டேன்.