டோக்கனையும் ஆப்பில் கொடுத்தால் என்ன?

பாம்பன்_பையன்:
பாக் நீரிணையில் வாரம் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்பது முறை. விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். எங்கள் பக்கம் இன்னமும் வரிசையில் நின்று, நோட்டில் எழுதி, சீட்டு கிழித்துத்தான் வாங்குகிறார்கள். மீன் விற்ற காசு மட்டும் யுபிஐயில் வருகிறது. 2016-ல் வந்த அந்த யுபிஐயை எந்த அதிகாரியும் வந்து சொல்லித் தரவில்லை. ஐஸ் கடைக்காரர் முதல் கருவாட்டுக்காரம்மா வரை அவர்களாகவே பழகிக்கொண்டார்கள். டோக்கன், டீசல் மானியம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் போட்டுவிட்டால் சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பது மிச்சம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

பழைய_ஜெட்டி:
உண்டு தம்பி. டோக்கன் ஓனர் பெயரில், ஓடிபி ஓனர் போனுக்கு. ஓனர் அன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பார். டிரைவர் ஜெட்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டே "அண்ணே, நம்பர் சொல்லுங்க" என்று போனில் கத்துவார். சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்போது டிரைவரே போகிறார், கவுண்டரில் இருப்பவருக்கு ஆளைத் தெரியும், சீட்டு வாங்கி வருகிறார். யுபிஐயை இதோடு சேர்க்காதே. அது ஓடவில்லை என்றால் ரொக்கம் கொடுத்துவிடலாம். டோக்கன் ஆப் ஓடவில்லை என்றால் படகில் ஏற வேண்டிய அத்தனை பேருக்கும் அன்றைய பாடு போச்சு.

கீழக்கரை_கணக்கு:
நண்டு ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறவன் நான். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதலே மீன்பிடிச் சான்றிதழ் இல்லாமல் கடல் சரக்கை உள்ளே விடுவதில்லை. எந்தப் படகு, எந்தக் கடல் என்று அதில் இருக்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அங்கே இறக்குமதி செய்கிறவர் அதைக் கணினித் தளத்தில்தான் ஏற்ற வேண்டும். இங்கே நிலவரம் என்ன? ஏஜென்ட் பத்துப் பதினைந்து வல்லத்து (சிறு படகு) நண்டை ஒரே கூடையில் கொட்டிவிட்டு, சிகரெட் அட்டையைக் கிழித்துக் கிலோவை மட்டும் குறித்துத் தருகிறார். படகு நம்பரைச் சாயங்காலம் போன் போட்டுக் கேட்டு எக்ஸலில் நிரப்புகிறோம். அந்த எக்ஸலுக்கு முதலாளி வைத்திருக்கும் பெயர் 'டிஜிட்டல் டிரேஸபிலிட்டி', அதாவது சரக்கு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிப்பது. கலர் கலராக டாஷ்போர்டு வேறு. அடுத்து ஏஐ போடலாம் என்கிறார். எதன் மேல் போடுவது, சிகரெட் அட்டை மேலா? பதிவு கரையிலேயே, பிடித்தவர் கையாலேயே நடக்க வேண்டும். அந்த அளவில் பையன் கட்சி நான்.

தொண்டி_இசேவை:
எங்கள் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களுக்குப் போன் பழக்கம் இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நாள் பூரா ரீல்ஸ் தள்ளுகிறவர்களுக்கு ஆப் தெரியாதா? சிக்கல் வேறு. ஆதாரில் ஏறியிருக்கும் நம்பர் யாருடையது? ஒருத்திக்கு, வீட்டுக்காரர் சவுதிக்குப் போகும் முன் வைத்திருந்த நம்பர். ரீசார்ஜ் இல்லாமல் கிடந்து அது வேறு யாருக்கோ போய்விட்டது. இன்னொருத்திக்கு, முன்பணம் கொடுத்த ஏஜென்டின் நம்பர். ஓடிபி வந்ததா என்றால் என் முகத்தையே பார்க்கிறாள்.

அப்புறம் விரல். நண்டு உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓடு கீறிய தழும்பு, ஐஸ் தண்ணீரில் ஊறிய தோல், கட்டைவிரல் நுனி வழவழவென்று இருக்கும். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள், அப்படியும் ரேகை தேய்ந்துவிடுகிறது. மெஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்போம், துடைத்துவிட்டு மறுபடி வைப்போம், சிவப்பு விளக்குதான் எரியும். ரேஷன் கடைக்குக் கருவிழி மெஷின் வந்ததும் இந்தத் தொல்லையால்தான். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் கட்டணம் பெரிசில்லை. அதற்காக வேலைக்கு லீவு போட்டு வந்து நிற்கிறாளே, அந்தக் கூலியை யார் தருவது? ஆப் கொண்டுவாருங்கள், கவுண்டரை மூடாதீர்கள்.

பாம்பன்_பையன்:
அக்கா, கவுண்டர் காலத்தை ரொம்ப அழகாக்காதீர்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க யார் யார் வாசலில் நின்றோம்? இன்றைக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் நேராக வங்கிக்கு வருகிறது, நடுவில் யாரும் டீ செலவு என்று கழிக்க முடியாது. ஆந்திராவில் 2025 ஜனவரியிலிருந்து அரசுச் சேவைகளை வாட்ஸப்பிலேயே தருகிறார்கள். கவுண்டரில் ஆளைத் தெரியும் என்கிறார் ஜெட்டி அண்ணன். தெரியாத ஆளுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லட்டும்.

பழைய_ஜெட்டி:
தெரியாத ஆள் சண்டை போட்டு வாங்குவான். சண்டை போட எதிரே ஒரு முகமாவது இருக்கும்.

அதை விடு. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். செல்போன் டவர் எட்டாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பலாம், கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது இது இருந்திருந்தால் எத்தனையோ குடும்பம் தப்பியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான். படகு போன தடம் பூராவும் யார் கையில் இருக்கும்? நாளைக்கு மானியத்தை நிறுத்த அதையே எடுத்து நீட்டுவார்களா? 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில், அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க மத்திய அரசுக்கு இடம் இருக்கிறது. கேட்டால், எல்லை தாண்டுகிறவன்தான் பயப்படுவான் என்பீர்கள். இன்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனதை எந்த ஆப்பில் பதிவது?

கீழக்கரை_கணக்கு:
நியாயமான கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. படகுப் பதிவுக்கு ஒரு தளம், மீனவர் பதிவுக்கு 2024-ல் வந்த தேசிய மீன்வள டிஜிட்டல் தளம், மானியத்துக்குத் தனி மனு, இனி டோக்கனுக்கு வேறு. எல்லாவற்றிலும் அதே படகு நம்பர், அதே ஆதார், அதே பாஸ்புக் போட்டோ. தாளில் இருந்த படிவத்தைத் திரைக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது என்று கைதட்டிக்கொள்கிறோம். எஸ்டோனியாவில் 2001 முதல் துறைகளின் கணினிகள் தமக்குள் தகவல் மாற்றிக்கொள்கின்றன. ஒரு துறைக்குக் கொடுத்த விவரத்தை இன்னொரு துறை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. நமக்கும் மீன்வளத்துறை, கூட்டுறவுச் சங்கம், வங்கி மூன்றும் முதலில் உள்ளுக்குள் இணையட்டும். அப்புறம் டிரைவர் சீட்டு வாங்கினால் என்ன, ஓடிபி போட்டால் என்ன?

பாம்பன்_பையன்:
காக்கா, அதற்குப் பத்து வருஷம் ஆகும். அதுவரை வரிசையில் நிற்கவா?

கீழக்கரை_கணக்கு:
நீ சென்னையில் உட்கார்ந்திருக்கிறாய் தம்பி. நிற்கிறது உன் அப்பா. அவரிடம் கேட்டாயா?

பாம்பன்_பையன்:
கேட்டேன். வரிசையில் நிற்பது பழகிப்போச்சு என்கிறார். பழகிப்போனதெல்லாம் நல்லது என்று ஆகிவிடுமா?

தொண்டி_இசேவை:
ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் எங்கள் வாசலில்தான் கூட்டம். அதற்கு முன்னால் ஆதாரில் போன் நம்பர் மாற்ற முகாம் கேட்டு மனு எழுதுகிறேன். 2021-லிருந்து தபால்காரர்களே அந்த வேலையைச் செய்கிறார்கள், ஆள் அனுப்பச் சொல்லலாம். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

பழைய_ஜெட்டி:
நான் போடுகிறேன். ஆனால் தாலுகா ஆபீஸில் வைக்காதீர்கள், ஜெட்டியிலேயே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு என்றால் எல்லாரும் கரையில் இருப்பார்கள்.