காசிமேட்டில் பழைய ஃபைபர் போட்: பின்பலகை வேலைக்கு யோசனை சொல்லுங்க

அண்ணன்மாரே, 28 அடி ஃபைபர் போட், 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரோடு காசிமேட்டில் விலைக்கு வந்திருக்கு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி உங்க பதில் வேணும்.

மோட்டார் பரவாயில்லை. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமா இருக்கு. கியர் ஆயில் மட்டும் பால் மாதிரி வருது, சீல் போய்த் தண்ணி இறங்குது. வாட்டர் பம்ப் இம்பெல்லரையும் சேர்த்தே மாத்திடலாம்.

பெரிய கவலை மோட்டார் மாட்டுற பின்பலகைதான். சுத்தியல் பிடியால் தட்டினா மந்தமான சத்தம். போல்ட் ஓட்டை வழியா உப்புத்தண்ணி இறங்கி உள்ளே ப்ளைவுட் ஊறிப்போச்சு. மேலே கண்ணாடி இழை மேட் ஒட்டி மறைக்கிறது ஏமாத்து வேலை, மோட்டாரே கடலில் போயிடும். உள்பக்க ஃபைபரை அறுத்து, ஊறின பலகையை எடுத்து, நல்லாக் காயவிட்டு, 18 மி.மீ. மெரைன் ப்ளை இரண்டு அடுக்கு வைக்கணும். அதுக்கு முன்னாடி 40 நம்பர் உப்புத்தாளில் தேய்ச்சு அசிட்டோனில் துடைக்கணும்.

இதையெல்லாம் ஒட்டுற ரெசின் (பிசின்) எதுன்னுதான் குழப்பம். பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் ரெசினுக்குப் பிடிப்பு குறைவு. எபாக்சி ரெசின் நல்லாப் பிடிக்கும், ஆனா அதுக்குச் சாதா மேட் ஆகாது, நெய்த கண்ணாடித்துணி வேணும், செலவு எகிறும். பின்பலகைக்குப் பாலியெஸ்டர் மட்டும் போட்டவங்க இருக்கீங்களா, மேட் எத்தனை அடுக்கு, எத்தனை வருஷம் தாங்குச்சு? ராயபுரம், எண்ணூர் பக்கம் எபாக்சி சில்லறையா எங்கே கிடைக்கும்?