‘செயலுறு அணுக்கரு மின்சுமை’: மாற்றுச்சொல் குறித்து ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தனிமவரிசை அட்டவணையின் போக்குகளுக்கான சொற்பட்டியலில் அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை ஆகியவை வகுப்பறையில் வேரூன்றிவிட்டன. அவற்றைத் தொட வேண்டியதில்லை. அந்த நான்கையும் விளக்க நாம் கையாளும் ‘செயலுறு அணுக்கரு மின்சுமை’ (effective nuclear charge, அதாவது பிற எலக்ட்ரான்களின் விலக்கம் போக ஓர் எலக்ட்ரானை எட்டும் கருவின் மின்சுமை) என்ற தொடர்தான் என்னை உறுத்துகிறது. அதற்கு மாற்றாக ‘உணர் அணுக்கரு மின்சுமை’ என்பதை முன்மொழிகிறேன்.

சோடியம் அணுவை எடுத்துக்கொள்வோம். அதன் கருவில் 11 புரோட்டான்கள் உள்ளன. கருவின் மின்சுமை +11, அது எந்நிலையிலும் மாறுவதில்லை. ஆனால் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்லேட்டர் 1930இல் வகுத்த விதிகளைக் கொண்டு கணக்கிட்டால், முதற்கூட்டு எலக்ட்ரானுக்கு 10.70, இரண்டாம் கூட்டு எலக்ட்ரானுக்கு 6.85, வெளிக்கூட்டில் உள்ள ஒற்றை எலக்ட்ரானுக்கு 2.20 என ஒரே அணுவில் மூன்று மதிப்புகள் கிடைக்கின்றன. கரு ஒன்று, மதிப்புகள் மூன்று என்றால், அந்த அளவு கருவுக்கு மட்டும் உரிய பண்பாக இருக்க முடியாது. எந்த எலக்ட்ரானைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. ‘செயலுறு’ என்ற அடைமொழியோ கருவின் ஒரு பகுதி செயல்படுகிறது, மறுபகுதி செயலற்றுக் கிடக்கிறது என்ற தவறான படத்தை மாணவர் மனத்தில் வரைந்துவிடுகிறது. கருவின் முழு ஈர்ப்பும் எப்போதும் இருக்கிறது. இடையில் உள்ள எலக்ட்ரான்களின் விலக்கம் அதில் ஒரு பங்கை ஈடுசெய்துவிடுவதால், வெளி எலக்ட்ரான் உணர்வது குறைகிறது. சொல்லின் கண் எலக்ட்ரான் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே என் வாதம்.

‘நிகர அணுக்கரு மின்சுமை’ போதுமே என்று சிலர் கருதுகிறார்கள். சொல் எளிதுதான், ஆனால் அதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. ‘நிகர’ என்றதும் மாணவர் கூட்டிக் கழிக்கத் தொடங்குவார்: 11 புரோட்டான்கள், உள்ளே 10 எலக்ட்ரான்கள், ஆகவே மீதம் 1. சோடியம் அயனியின் நிகர மின்சுமை +1 என்று முன்பே படித்திருப்பதால் இந்த விடை சரியென்றே அவருக்குத் தோன்றும். ஸ்லேட்டர் விதியோ 2.20 என்கிறது, 1963இல் கிளெமென்டி, ரைமண்டி என்ற ஆய்வாளர்கள் மேலும் துல்லியமாகக் கணித்த மதிப்பு ஏறத்தாழ 2.51. உள்ளிருக்கும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் முழுதாக ஒரு புரோட்டானை மறைத்துவிடுவதில்லை என்பதும், வெளி எலக்ட்ரான் அவ்வப்போது உட்கூடுகளுக்குள் ஊடுருவிச் செல்கிறது என்பதும்தான் விடை 1ஐ விட இவ்வளவு கூடுவதற்குக் காரணம். பாடத்தின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. ‘நிகர’ அதை அழித்துவிடும்.

இலக்கண நோக்கில் ஒரு தடை எழலாம். ‘உணர் மின்சுமை’ என்றால் மின்சுமையே உணர்வதாகாதா? ஆகாது. வினைத்தொகையில் பெயர்ச்சொல் எழுவாயாகத்தான் நிற்க வேண்டும் என்ற விதி இல்லை. குடிநீர் எதையும் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. ‘உணர் மின்சுமை’யும் அவ்வாறே உணரப்படும் மின்சுமை. உயிரற்ற எலக்ட்ரான் உணருமா என்ற கேள்விக்கும் விடை நம் பாடநூல் நடையிலேயே இருக்கிறது: காந்தப்புலத்தில் இயங்கும் மின்சுமையுள்ள துகள் விசையை உணர்கிறது என்று இயற்பியலில் தயக்கமின்றி எழுதுகிறோம்.

‘உணர் கருமின்சுமை’ என்று சுருக்கவும் எண்ணினேன். கருமேகம், கருங்கல் போல அதில் நிறம் தொனிப்பதால் விட்டுவிட்டேன். முன்சொல்லை மட்டும் மாற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு: மின்சுமையை ‘ஏற்றம்’ என்று வழங்கும் இலங்கை மாணவருக்கு ‘உணர் கருவேற்றம்’ என்று அதே அடைமொழி அப்படியே பொருந்தும்.

இடையிலுள்ள எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை ஓரளவு மறைப்பதைக் குறிக்கும் ‘திரைமறைப்பு’ என்ற சொல் மாறாமல் இருக்கட்டும். திரை ஒளியை முழுவதும் தடுக்காமல் ஓரளவு கசியவிடுவது போன்றதே இங்கு நிகழ்வதும்.

புதிய சொல் போக்குகளை விளக்கும்போது எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் வரிசையில் சோடியத்திலிருந்து குளோரினுக்குச் செல்கையில், வெளிக்கூட்டு எலக்ட்ரானின் உணர் அணுக்கரு மின்சுமை 2.20இலிருந்து படிக்கு 0.65 வீதம் உயர்ந்து 6.10 ஆகிறது, அதனால் அணு சுருங்குகிறது. தொகுதியில் கீழிறங்கினால் பொட்டாசியத்திற்கும் அதே 2.20தான் வருகிறது, ஆயினும் வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து மேலும் விலகி இருப்பதால் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூலிலிருந்து 419 ஆகக் குறைகிறது. அலுமினியத்திற்குக் கீழே உள்ள காலியத்திலும் அவ்வாறு குறையும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 578க்கு அடுத்து 579 வருகிறது. இடையில் டி துணைக்கூட்டில் நிரம்பிய பத்து எலக்ட்ரான்களின் திரைமறைப்பு வலுவற்றது என்பதால், காலியத்தின் வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை 3.50இலிருந்து 5.00 ஆக ஏறிவிடுகிறது. ‘காலியத்தின் கரு கூடுதலாகச் செயலுறுகிறது’ என்று இதைச் சொல்லிப் பாருங்கள். காரணம் எங்கோ நழுவிவிடும்.

சொற்பட்டியலுக்கான வரையறையாக இதைத் தருகிறேன்: ‘உணர் அணுக்கரு மின்சுமை என்பது, பிற எலக்ட்ரான்களின் விலக்கத்தால் குறைந்த நிலையில், ஓர் அணுவின் குறிப்பிட்ட எலக்ட்ரான் உணரும் அணுக்கரு மின்சுமை.’ தேர்வெழுதும் மாணவர் குழம்பாதிருக்கப் பழைய தொடரையும் அருகிலேயே தரலாம். வகுப்பெடுக்கும் நண்பர்கள் காலியம் பகுதியை இரண்டு சொற்களாலும் விளக்கிப் பார்த்து, மாணவர்களுக்கு எது எளிதாகப் பிடிபட்டது என்று எழுதினால், அதன் பிறகு பட்டியலில் சேர்ப்பதை முடிவு செய்யலாம்.