மிதிவெடி அகற்றிய காணிக்குத் திரும்பியவர்களின் அனுபவங்கள்

இத்தாவில் மகன்:
முகமாலை முன்னரங்கைப் பற்றி இங்கு எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2000 முதல் 2009 ஜனவரி வரை இராணுவமும் புலிகளும் எதிரெதிரே நின்ற அந்த மண்ணணைகளுக்கு அருகே, இத்தாவில் பக்கமாக, எங்களுடைய இரண்டு ஏக்கர் தென்னங்காணி இருந்தது. 2019இல் மிதிவெடி அகற்றி முடித்துக் கையளித்தார்கள். அப்பா காணி உறுதியையும் அவர்கள் தந்த பத்திரத்தையும் ஒன்றாகப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தார். ஆனால், காணிக்குள் கால் வைக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வீட்டிலிருந்த ஒரே பசுவை ஓட்டிச் சென்று, நீளக் கயிற்றில் கட்டி உள்ளே மேயவிட்டுவிட்டு, ஒழுங்கையில் குந்தியிருந்தார். மூன்று நாளும் கட்டையை எல்லையோரமாகவே மாற்றி மாற்றி அடித்தார். நான்காம் நாள், பசு சாணி போட்டிருந்த இடங்களாகப் பார்த்துக் கால் வைத்து, கிணற்றடி வரை நடந்தார். வெயிலில் காய்ந்த சாணியின் மேல் அவருடைய வெறுங்கால் ஒவ்வொன்றாகப் பதிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா அன்று முழுவதும் அவருடன் பேசவில்லை.

முன்னாள் பணியாளர்:
தம்பி, உங்கள் அப்பாவின் வயதுக்கு மரியாதை தந்தே எழுதுகிறேன். ஆனாலும், இதை வாசித்தபோது எனக்கு மனம் வலித்தது. நான் அந்தப் பகுதியில் ஆறு ஆண்டுகள் மிதிவெடி அகற்றியவள். அங்கே ஒவ்வொரு அடியிலும் எறிகணைச் சிதறல் கிடப்பதால் உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும். பி4 போன்ற பிளாஸ்டிக் மிதிவெடிகளில் இரும்பு மிகக் குறைவு என்பதால் சில இடங்களில் கத்தவே கத்தாது. ஆகவே கவச அங்கியும் முகக்கவசமும் அணிந்து, முழந்தாளிட்டு, நீண்ட கைப்பிடி வாரியால் மண்ணை விரல் கனத்துக்கு விரல் கனம் சுரண்டி எடுப்போம். வெயில் ஏறிய நாளில் ஒருவர் முடிக்கும் நிலம் ஒரு பாய் விரிக்கும் அளவைத் தாண்டாது. அப்படிச் சுரண்டிய மண்ணை நம்பாமல் ஒரு பசுவை நம்பியிருக்கிறார்! மாடு மேயும்போது அது மிதித்த இடத்தைவிட மிதிக்காத இடமே அதிகம் என்பதை அவர் யோசிக்கவில்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் பாதிப் பேர் கணவரை இழந்த பெண்கள். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், வீட்டுக்குக் கூரை போட்டோம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஓட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்ததால், 2028 ஜூன் மாதத்துக்குள் எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டும் என்று கெடு இருக்கிறது. 2025 ஜனவரியில், இந்த வேலைக்கும் பணம் தந்த அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த செய்தி வந்த இரவு, எங்களில் எத்தனை பேர் அடுத்த மாத அடகுக் கடை வட்டியை நினைத்து விழித்திருந்தோம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. மண் சுத்தமாகிக்கொண்டு போக எங்கள் வேலையும் தேய்ந்துகொண்டு போகிறது. அதற்காக எவரும் ஒரு மிதிவெடியை மண்ணில் விட்டுவிட்டு வரவில்லை.

தென்னந்தோட்டம்:
இருவரும் சண்டை பிடிக்க வேண்டாம். எனக்கும் பளைக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அவசரப்பட்டுச் சித்திரையில் கன்று வைத்தேன். ஆவணிக்குள் முக்கால்வாசி பட்டுப்போயின. ஆகவே இத்தாவில் தம்பிக்குச் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன். மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நடுங்கள். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பொச்சுமட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்குமாறு அடுக்குங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரத்துக்கு மரம் இருபத்தாறு அடி விடுங்கள். மிதிவெடி அகற்றுபவர்கள் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் மண்ணைப் பார்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பழைய பதுங்குகுழி மூடப்பட்ட இடத்தில் குழி வெட்டவோ கிணறு இறக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். அதுவரை வயிற்றுக்கு என்ன செய்வது என்பதை எந்தக் கையளிப்பு விழாவிலும் எவரும் பேசுவதில்லை. இடையில் கச்சானும் பயறும் போடுங்கள், எல்லையில் முருங்கைத் தடி ஊன்றுங்கள். கச்சானுக்குப் பன்றி வரும், இராக்காவல் தேவை. உரமானியத்தை நம்பி இருக்க வேண்டாம், மாட்டெரு போதும். உங்களிடம்தான் பசு இருக்கிறதே.

மன்னார் வாசகி:
உங்களுக்கெல்லாம் காணியாவது கைக்கு வந்தது. எங்கள் ஊரில் மிதிவெடி அகற்றி முடிந்த அன்று, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பிடுங்கினார்கள். அடுத்த மாதம் அதே குழியில் ஒரு திணைக்களத்தின் பச்சைப் பலகை நின்றது. இருபது வருடமாக எவரும் நுழைய முடியாததால் வளர்ந்த பற்றையை அவர்கள் காடு என்கிறார்கள். எல்லைக் கற்களைக் காணவில்லை. அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தது. மாமா காட்டிய ஒரே ஆதாரம், தாத்தா நட்ட புளியமரம்.

இத்தாவில் மகன்:
மிதிவெடி அகற்றிய அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு விடயத்தை நான் முதலில் எழுதாமல் விட்டது பிழை. 2002 சமாதான காலத்தில், போகலாம் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பிப் பக்கத்து வளவுக்கு விறகு பொறுக்கப் போன சித்தப்பா, ஒரு காலோடுதான் திரும்பினார். அன்றிலிருந்து வாய்வார்த்தையையோ பத்திரத்தையோ அப்பா நம்புவதில்லை. அம்மா கோபித்ததும் உங்கள் காரணத்துக்காக அல்ல. அந்தப் பசுவின் பாலை விற்றுத்தான் அந்த வருடம் எங்கள் அடுப்பு எரிந்தது.

வாசித்து முடித்த பின் அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கத்தைச் சுரண்டியது இந்தப் பிள்ளைதானா என்று மட்டும் உங்களிடம் கேட்கச் சொன்னார்.